கஜந்தியின் டெர்மின்

"ஜேர்மன்ல எனக்கு வேலை செய்யத் தெரியும், சண்டை பிடிக்கவும் தெரியும். மனசுக்குள்ள கிடக்கிறதைச் சொல்லத் தெரியாது. உளச்சிகிச்சை செய்யிறவவைச் சந்திக்க டெர்மின் எடுத்திருக்கிறன். நீங்கள் வந்து மொழிபெயருங்கோவன்," என்றாள் கஜந்தி.

அவளுடைய கணவர் சிறீதரன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உமக்கென்ன நடந்தது? அது விசர் பிடிச்ச ஆக்கள் போற இடமல்லோ?"

"விசர் பிடிச்சவைக்குத் தாங்கள் போகவேணும் எண்டே தெரியாதாம். என்னோட வேலை செய்யிற ஒருத்தி சொன்னவள். தாய் செத்தாப் பிறகு அவளும் போனவள். இப்பதான் திரும்பச் சிரிக்கிறாள்."

"வீட்டாக்களுக்கு நான் மொழிபெயர்க்கக் கூடாது. எங்கட தொழில்ல அப்பிடி ஒரு முறை இருக்கு."

"முதல் டெர்மின்தானே. புருசனைக் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேட்டுப்போட்டன், ஓம் எண்டவை. பிறத்தி ஆளுக்கு முன்னால நான் வாய் திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

ஹம்பேர்க்கில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பல இடங்களிலிருந்து முதலில் சிறீதரனுக்குத்தான் தொலைபேசி வரும். அகதி விசாரணை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம். பக்கத்தில் இருப்பவர் "என்னைக் கட்டிவச்சு அடிச்சவங்கள்" என்றால், இவரும் "அவரை" என்று சொல்லக் கூடாது. "என்னை" என்றே ஜேர்மனில் சொல்ல வேண்டும். குரல் நடுங்காமல் சொல்வார். அதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள்.

போகும் வழியில் கஜந்தி ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"நான் சொல்லுறதைக் கூட்டாம குறைக்காம சொல்லவேணும்."

"எனக்கே தொழில் சொல்லித் தாறீரோ?" என்றார் சிறீதரன்.

உளச்சிகிச்சை நிபுணர் ஒரு பெண்; பெயர் ஃபிறாவ் லின்டெமான். தலை நரைத்தவர், அவசரமில்லாத குரல். மூன்று கதிரைகளும் ஒரு தண்ணீர்ச் சாடியும் தவிர அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

"நான் இங்கே மருந்து தருவதில்லை," என்றார் ஜேர்மனில். "என்ன நடந்தது என்று சேர்ந்து பார்ப்போம். எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும் சொன்னால் போதும். எதற்காக வந்தீர்கள்?"

கஜந்தி தமிழில் தொடங்கினாள்.

"எனக்கு நித்திரை இல்லை. கண்ணயர்ந்தாலும் ஆரோ கூப்பிட்ட மாதிரித் திடுக்கிட்டு எழும்புறன்."

சிறீதரன் மொழிபெயர்த்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஸ்-பான் ரயிலில கதவு பூட்டினா நெஞ்சை அடைக்குது. இடையில இறங்கிப் பிளாட்போமில நிக்கிறன். வீட்டில கேட்டா ரயில் சுணங்கிப்போச்சு எண்டு பொய் சொல்லுறன்."

சிறீதரன் வாயைத் திறந்தார், ஜேர்மன் வரவில்லை.

"இவ்வளவு நாளும் ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டார்.

"சொல்ல விட்டனீங்களே? இப்ப மொழிபெயருங்கோ."

மொழிபெயர்த்தார். ஒரு வசனம் முன்பின்னாகப் போய்விட, மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். இப்படித் தடுமாறி அவருக்குப் பழக்கமே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு யார் யாரிடம் எதை மறைத்தார்கள், எது மறையாமல் போனது என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"குளிக்கிற அறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு நிலத்தில இருக்கிறன். அழுற சத்தம் பிள்ளைக்குக் கேக்கக்கூடாது எண்டு."

அதையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஃபிறாவ் லின்டெமான் சாடியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கஜந்தியின் குரல் தணிந்தது.

"போன மாதம் மகள் ஆதிரையின்ர நடன நிகழ்ச்சி. சலங்கைச் சத்தம் கேட்டதும் எனக்கு இருக்க ஏலாமல் போச்சு. எழும்பி வெளியில போய்க் காருக்குள்ள இருந்தன். பிள்ளை மேடையில நிண்டு என்னைத் தேடினவள்."

சிறீதரன் அதை மிக மெதுவாகச் சொன்னார். "தேடினவள்" என்ற இடத்துக்கு வந்ததும் ஜேர்மன் சொல் அவருக்கு அகப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"அந்தச் சத்தத்தில் அப்படி என்ன இருந்தது?" என்று கேட்டார் ஃபிறாவ் லின்டெமான்.

"சங்கிலி," என்றார் சிறீதரன். "அகதி விசாரணையில் ஓர் இளைஞன் சொன்னான். காலில் சங்கிலியோடு அவனை நடக்கவிட்டார்களாம். நடக்க நடக்க அந்தச் சத்தம். சொல்லி முடித்துவிட்டு அவன் போய்விட்டான். சத்தம் என்னிடமே நின்றுவிட்டது. பிறகு ஒரு தாய். பிறகு இன்னொருவர். இப்போது கரண்டி கோப்பையில் பட்டாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது. யாரிடம் போய் இதைச் சொல்வது? எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே! எனக்கு ஒன்றுமே நடக்கவில்லையே!"

நிறுத்தியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் விட்டாற்போல் இருந்தது. இத்தனை வருட மொழிபெயர்ப்பில் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஏன் என்று விளங்காமல், பழக்கதோசத்தில் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ம்... மிச்சத்தைச் சொல்லும்."

கஜந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்பவோ நிப்பாட்டிட்டனப்பா. எழும்பிப் போனது நீங்களல்லோ. ஆதிரை ஆடி முடியும் வரைக்கும் நான் முன் வரிசையிலதானே இருந்தனான்."