குளம்படியில் கிடப்பவன்

இந்தத் தளபதிக்கும் அதே குதிரைதானா என்று, வண்ணம் பூச வந்த அச்சுப்படத்தைப் பார்த்து நினைத்துக்கொண்டாள் உஸ்தீன்யா. போன போருக்குச் செய்த மர அச்சுக்கட்டையில் பழைய தளபதியின் தலையை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, புதியவரின் தலையைப் பொருத்தியிருந்தார்கள். மலைபோல் குதிரை, அதன் காலடியில் எறும்புகளாய்ச் சிப்பாய்கள், எல்லாம் அப்படியே இருந்தன. போன போரின்போதெல்லாம் குதிரையின் குளம்படியில் விழுந்துகிடக்கும் சிப்பாய்க்கு ஒரே இழுப்பில் சிவப்பைப் பூசிவிட்டு அடுத்த தாளை எடுப்பாள். மகன் லூக்கா பின்னால் நின்று, "வரைஞ்ச கோட்டைத் தாண்டி வழியுது பாரும்மா. அவன் உடம்புல அவ்வளவு ரத்தம் ஏது?" என்று சிரிப்பான். இந்தப் போரில் லூக்கா செத்துப்போனான். எங்கே புதைத்தார்கள் என்றுகூட வந்த கடிதத்தில் இல்லை.

வியாபாரி மத்வேய் அவள் வண்ணம் பூசிய தாள்களைப் புரட்டினார். தளபதிக்கு நீல அங்கி, குதிரைக்கு மஞ்சள். எல்லாத் தாளிலும் குளம்படியில் அந்த ஒருவன் மட்டும் வெறும் கோடுகளாகக் கிடந்தான்.

"ரத்தம் எங்கே, உஸ்தீன்யா? சிவப்பில்லாத சண்டையைச் சந்தையில யார் வாங்குவாங்க? ஒரு இழுப்புதானே."

அவள் தூரிகையைக் கழுவித் துடைத்தாள். சிவப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே பூசிக்குங்க, ஐயா."