ராஜினாமாவுக்குப் பிறகும்

"காளிச்சாமிக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்குதா இல்லியா பாய்?"

காலையிலிருந்து நாலாவது ஆள் கேட்டுவிட்டுப் போனார். கொழிஞ்சாம்பாறையில் வாரப் பத்திரிகை நடத்தும் குஞ்சு முகம்மதுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அச்சகத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

விஷயம் அமெரிக்கா. அந்த ஊர் ஜனாதிபதி ராஜினாமா செய்து மூன்று வாரம் ஆகிறது. எதிர்க்கட்சி ஆபீசில் ஆள் புகுந்த வழக்கை அமுக்கச் சொல்லி அவரே பேசியது டேப்பில் பதிவாகி, உலகமே படித்துவிட்டது.

ஆனால் எருத்தேன்பதி காளிச்சாமி இந்த வாரக் கட்டுரையிலும் எழுதி அனுப்பியிருக்கிறார்: 'எல்லாம் எதிர்க்கட்சியின் சதி. ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை ஓட்டுப் போட்டுத்தான் இறக்க வேண்டும்.'

தோட்ட வேலை போக மிச்ச நேரமெல்லாம் காளிச்சாமிக்கு ரேடியோவும் பேப்பரும்தான். பழமைவாதி என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வார். ஆளைப் பிடிக்காமல் போகலாம், நாற்காலிக்கு மரியாதை போகக் கூடாது என்பது அவர் வாதம்.

அவரை எதிர்த்து ஏலப்பாறை தேயிலை எஸ்டேட் கணக்கப்பிள்ளை மிக்கேல்ராஜ் வாரம் தவறாமல் கடிதம் போடுவார். 'தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளை மாளிகைக்கு வக்காலத்தா?' என்று கிழிப்பார். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. இந்தச் சண்டைக்காகவே பத்திரிகை வாங்குகிறவர்கள் உண்டு.

சண்டை இருக்கட்டும். பொய்யை எப்படி அச்சில் ஏற்றுவது?

குஞ்சு முகம்மது சைக்கிளை எடுத்தார்.

காளிச்சாமி தோட்டத்தில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரஸ்வதியம்மாள் மோர் கொண்டுவந்தாள். குஞ்சு முகம்மது உட்காரவே இல்லை.

"மோரெல்லாம் இருக்கட்டுங்க. ஏனுங்க காளிச்சாமி, அந்த மனுசனே எறங்கிப் போயிட்டாரு. நீங்க இன்னும் எறங்க மாட்டேங்கறீங்களே?"

"என்ற அபிப்பிராயம் அதுதானுங்க."

"அவரு பேசுனதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுமா?"

காளிச்சாமி மண்வெட்டியால் மடையை அடைத்தார்.

"அப்படீன்னா இந்த வாரத்தோட உங்க கட்டுரையை நிறுத்திக்கறேனுங்க. கட்சி எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். தெரிஞ்சே பொய் எழுதறவங்களுக்கு எடமில்ல."

காளிச்சாமி பதறிப்போனார். "நிறுத்தீராதீங்க பாய்! இன்னும் கொஞ்ச நாளைக்கு..."

"நல்லாக் கேளுங்க பாய்," என்றாள் சரஸ்வதியம்மாள். "ஒண்ணு எழுதறாரு, அதை ஒளிச்சு வெச்சுட்டு வேறொண்ணு எழுதி உங்களுக்கு அனுப்பறாரு. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு."

காளிச்சாமி தடுப்பதற்குள் அவள் வீட்டுக்குள் போய் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். குஞ்சு முகம்மது படித்தார்.

'நாற்காலிக்கு மரியாதை வேண்டும் என்று இரண்டு வருஷமாக எழுதினேன். அந்த மரியாதையைக் கெடுத்தது எதிர்க்கட்சி அல்ல, அதில் உட்கார்ந்திருந்தவர்தான். சொந்தக் கட்சிப் பெரியவர்களே நேரில் போய், இனி உங்களுக்கு ஆதரவில்லை என்று சொன்னார்கள். தன் ஆளைத் தானே தட்டிக் கேட்பதுதான் கட்சிக்கு அழகு. நான் தவறாக வாதாடினேன்.'

குஞ்சு முகம்மது முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"இத்தனை வருசத்துல நீங்க எழுதுனதுலயே இதுதானுங்க ஒசத்தி! இதைப் போடறேன். ஊரே உங்களைக் கும்பிடும்."

"வேண்டாம் பாய்." காளிச்சாமி தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"தோத்துட்டம்னு ஒத்துக்க அவ்வளவு ரோசமாங்க?"

காளிச்சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லீராதீங்க. அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா வம்பாயிரும்."

ஏலப்பாறையிலிருந்து சந்தனமேரி என்ற பெண் எழுதியிருந்தாள்.

'ஐயா, நான் மிக்கேல்ராஜ் சம்சாரம். அவுகளுக்குத் தெரியாம எழுதுதேன். தை மாசம் எஸ்டேட்ல மரம் சாஞ்சு அவுக இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. அன்னைலருந்து படுக்கைதான். நடக்கலாம், மனசு வச்சுப் பழகணும்னு டாக்டர் சொல்லுதாரு. அவுகளுக்கு எதுலயும் பிடிப்பு இல்ல. உங்க கட்டுரையப் படிச்சாத்தான் கோபம் வந்து எந்திரிச்சு உக்காருவாக. பேனாவக் கொண்டாம்பாக. எழுதி முடிச்சுட்டுச் சோறு கேப்பாக. போன மாசம் நீங்க, எதிர்க்கட்சிக்காரங்க சொல்லுததுலயும் நியாயம் இருக்குன்னு எழுதிட்டீக. அவுக படிச்சுட்டு, சரிதான், இனிமே எழுத என்ன இருக்குன்னு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாக. ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல. ஐயா, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். அவுககிட்ட ஒத்துப் போயிராதீக.'

குஞ்சு முகம்மது கடிதத்தை மெல்ல மடித்தார். கூடவே எட்டிப் படித்த சரஸ்வதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊர்ல உங்களைக் கண்டபடி பேசறாங்களேங்க..."

"பேசட்டுங்க பாய். அவரு எந்திரிச்சு நடந்துட்டாருன்னு ஒரு காயிதம் வரட்டும். அடுத்த வாரமே நான் தோத்துப் போனேன்னு எழுதிக் குடுத்தர்றேன்."