புழு வைக்காத தண்ணீர்

"உங்க டிரம்முல ஒரு புழுகூட இல்லக்கா. என்ன மருந்து போடுறீங்க?"

கொசு ஒழிப்புக்கு வந்த பெண் டார்ச்சை அணைத்துக்கொண்டே கேட்டாள்.

வீட்டுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்தா, நம் வீட்டிலா? மொட்டை மாடியில் விழுந்த மழைத்தண்ணீர், துணியில் வடிகட்டி டிரம்மில் பிடித்தது, அவ்வளவுதான் என்றாள்.

வந்தவள் சுவரில் சாக்பீஸால் தேதியைக் கிறுக்கிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே ஷகிலா அக்காவின் அண்டாவில் புழு நெளிகிறதென்று சத்தம் கேட்டது.

இங்கே இவள் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மழை. ஒரே கொசு. ஷகிலா அக்காவாவது அண்டாவைத் தட்டுப் போட்டு மூடியிருந்தார். இவள் டிரம்மின் மூடி போன வாரக் காற்றில் பறந்தது, இன்னும் அகப்படவில்லை. வானம் பார்த்துக் கிடக்கிற தண்ணீர்.

அந்தக் கொசுவுக்கு இது மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

டிரம் பழைய சாமான் கடையில் வாங்கியது. புது பிளாஸ்டிக் வாங்கக் கூடாது என்பது இவள் வீட்டுச் சட்டம். கேன் தண்ணீரில் பிளாஸ்டிக் துகள் என்று பேப்பரில் படித்த அன்றே கேனை நிறுத்தியவள். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்றார் கடைக்காரர். திறந்தபோது எண்ணெய் வாசம் இல்லை. அந்துருண்டை மாதிரி ஏதோ ஒரு நெடி அடித்தது. சோப்புத் தூளும் இவள் வீட்டில் ஆகாது. பூந்திக்கொட்டை ஊறவைத்துத் தேய்த்தாள். வேப்பிலை போட்டு ஊறவிட்டாள். நெடி போய்விட்டது. நெடி போனால் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிட்டாள், புத்தி கெட்டவள்.



முந்தாநாள் முதல் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான்.

காய்ச்சித்தான் குடித்தார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். புழுவே அண்டாத தண்ணீரைக் காய்ச்சி என்ன ஆகப்போகிறது?

நேற்று சாயங்காலம் மகள் ஆதிரை தலை வலிக்கிறது என்றாள். ஒருமுறை வாந்தியும் எடுத்தாள். பித்தமாக இருக்கும் என்று இவள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

அதே தண்ணீரில்.

சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அண்டாவைக் கவிழ்க்கப் போன ஷகிலா அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தி, புழுவோடு ஒரு சொம்பு மொண்டாள். இது எதுக்கும்மா என்று அக்கா கேட்டார். இவள் சொம்போடு வீட்டுக்குத் திரும்பி ஓடினாள்.

சமையல் மேடையில் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் டிரம் தண்ணீர். சொம்பிலிருந்து நாலைந்து புழுக்களைக் கரண்டியால் எடுத்து விட்டாள்.

நெளிந்தன. மேலே வந்தன. துள்ளிக் கீழே போயின.

துள்ளுங்க, நல்லா துள்ளுங்க என்றாள் மனசுக்குள். கொசுப்புழுவுக்கு ஆயுசு கேட்டுச் சாமி கும்பிட்டவள் அந்த ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒன்று ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று மேலே வரப் பார்த்து, பாதியில் நின்றது.

பிறகு எல்லாம் கீழே போய்விட்டன.

டம்ளரைத் தட்டினாள். கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். கலங்கின தூசிபோல் எழும்பி, மறுபடி அடியில் படிந்தன.

சொம்பில் இருந்தவை இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

அடுப்பை அணைத்தாளா, கதவைப் பூட்டினாளா, அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. செருப்பில்லாமல் ஓடினாள். காலையில் ஆதிரையின் ஸ்டீல் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பியது கண்ணுக்குள்ளேயே நின்றது. மிச்சம் வைக்காமல் குடிக்கணும் என்று மிரட்டி வேறு அனுப்பியிருந்தாள்.

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறாள். சாமி, இன்றைக்கும் அவள் கேட்டிருக்கக் கூடாது.

சாப்பாட்டு நேரம். மரத்தடியில் பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, எல்லாருக்கும் எண்ணெய் வைத்துச் சீவிய தலை.

ஆதிரை முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கையில் பாட்டில் இல்லை.

"தண்ணி குடிச்சியாடி?"

"எனக்கு ஒரு மடக்குகூட கிடைக்கலம்மா. மழைத்தண்ணின்னு சொன்னேனா, எல்லாரும் கேட்டாங்க. எச்சில் படாம அண்ணாந்துதான் குடிச்சாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கேட்ட வரத்தைச் சாமி கொடுத்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோதுதான் மகளின் தோளுக்கு அப்பால் பாட்டில் தெரிந்தது.

கை மாறிக் கை போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வாங்கிய ஒரு குட்டிப்பெண் தலையை நன்றாக அண்ணாந்து, பாட்டிலின் அடியைத் தட்டித் தட்டிச் சொட்டுகளை வாயில் விட்டுக்கொண்டாள். பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு ஆதிரையைப் பார்த்துச் சிரித்தாள்.

யார் யார் குடித்தார்கள் என்று கேட்க இவள் வாயெடுத்தாள்.

மணி அடித்தது.

மரத்தடி முழுக்க எழுந்து, நாலா பக்கமும் வகுப்புகளைப் பார்த்து ஓடியது.