சர்டிபிகேட் வயதுக்கு வளரும் எலும்பு

என் பேத்தி கனிஷ்காவுக்கு வலது தொடை எலும்பில் புற்றுநோய். டாக்டர்கள் அந்த எலும்பை எடுத்துவிட்டு, வயதுக்குத் தகுந்தபடி தானே நீளும் எலும்பு ஒன்றை வைத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் ஆறே மாதத்தில் வலது கால் ஓர் அங்குலம் கூடுதலாக நீண்டு, பிள்ளை நொண்ட ஆரம்பித்தாள். மட்டமான சரக்கை வைத்துவிட்டான்கள் என்று ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் போனேன்.

“எலும்புல கோளாறு இல்ல பெரியவரே. சர்டிபிகேட்ல இருக்கிற பிறந்த தேதிப்படிதான் வளருது,” என்றார் டாக்டரம்மா.

சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஒரு வயது கூட்டி எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

“தேதியைத் திருத்திட்டு வாங்க. இடது கால் வந்து சேர்ற வரைக்கும் எலும்பு நின்னுக்கும்.”

பள்ளிக்கூடத்தில் கேட்டேன். திருத்தினால் பிள்ளை மறுபடியும் எட்டாவது படிக்க வேண்டுமாம்.

“கீமோவையே பாத்தாச்சு தாத்தா. அந்தக் கணக்கு வாத்தியார்ட்ட இன்னொரு வருஷம் என்னால முடியாது,” என்றாள் கனிஷ்கா.

இப்போது அவளுடைய இடது செருப்பின் அடியில் டயர்த் துண்டு ஒட்டிக் கொடுக்கிறேன். அளவு மட்டும் அவளே எடுக்கிறாள். நான் சொல்கிற எண்ணை இனி நம்ப மாட்டாளாம்.