ஹயாத்தும்மா கொண்டுவந்த வெள்ளைச் சாரி

"உன்ட வாப்பாட கபுறு மண் இன்னும் காயல்ல. உன்ட உம்மா சிவப்புச் சாரி உடுத்து விறாந்தையில இருக்கா. வெக்கமில்லையா புள்ள?"

உள்ளே வரும்போதே கேட்டுவிட்டார் ஹயாத்தும்மா, இறந்தவரின் தங்கை. கையில் மடித்த வெள்ளைச் சாரி ஒன்று இருந்தது. அவரை அனுப்பிவைத்த அயல்வீட்டுப் பெண்கள் வாசல் கடப்படியிலேயே நின்றுகொண்டார்கள்.

முனவ்வறா உம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். வாப்பா பக்கீர் முகைதீன் மௌத்தாகி ஒரு கிழமைகூட ஆகவில்லை. உம்மா அஸீஸா இத்தா இருக்கவேண்டிய காலம். வெள்ளை உடுத்து, பிற ஆண்களின் கண்ணில் படாமல், அறைக்குள்ளே.

"சொன்னனான் மாமி. மௌத்தான அண்டைக்கே சொன்னன். நெஞ்சில அடிச்சு அழுதா. அசர் தொழுகைக்குப் பிறகு, வாப்பா எங்க எண்டு கேட்டா. திரும்பச் சொன்னன். முதல்முதலாக் கேக்கிற மாதிரி அதே அழுகை. மஃரிபுக்கு மறுகா கேட்டா. ஒரே நாளில வாப்பாவ எத்தின தரம் நான் மௌத்தாக்கிற? இனி ஏலாது."

அதன் பிறகு, வாப்பா பக்கத்து ஊர் ஒலுவிலுக்கு மீன்பிடி போட் பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவந்தாள். யுத்தம் முடிந்து, மீன்பிடிக்கத் தடை நீங்கிக் கடல் திறந்துவிட்ட வருடம் அது. கடல்தொழில் செய்கிறவர் வீடு திரும்பத் தாமதிப்பதில் ஆச்சரியம் இல்லை. அஸீஸாவும் தலையாட்டிவிட்டு, அவருக்குப் பிடித்த சிவப்புச் சாரியைக் கேட்டு வாங்கி உடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள்.

"பொய் சொல்லி வளக்கிறதுக்கு அவ பச்சப் புள்ளையா? என்ட காக்காவுக்கு இத்தாக்கூட இல்லாமப் போகணுமா?"

"பாவமெண்டா அது என்ட தலையில. மறுமையில நான் பதில் சொல்லிக்கிறன். உம்மாவ இவ்வளவு காலமும் குளிப்பாட்டினது நான், கடக்கரைக்கு நடந்து போறவவத் திருப்பிக் கூட்டிவந்தது நான். அண்டைக்கெல்லாம் இந்தக் கடப்படியில ஒருத்தரும் நிக்கல்ல. இண்டைக்குச் சாரிட நிறம் பாக்க எல்லாரும் வந்திட்டாங்க."

"நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

சொல்லக்கூடியவர்தான். சுனாமி கொண்டுபோன தன் கடைக்குட்டி அஜ்வதின் மய்யத்துக் கிடைக்காதபோது, எங்காவது ஆசுபத்திரியில் இருப்பான் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களை, "அவன் மௌத்து. பொய் சொல்லி என்னை ஏமாத்தாதீங்க" என்று திருப்பி அனுப்பியவர். அன்றிலிருந்து சாய்ந்தமருதில் யாரும் அவர் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

முனவ்வறா குறுக்கே வந்து நின்றாள். ஹயாத்தும்மா அவளை ஒதுக்கிவிட்டு அஸீஸாவின் பக்கத்தில் போய் அமர்ந்தார். சாரியை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

அஸீஸா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மெல்ல அடையாளம் தெரிந்தது.

"மச்சி, எப்ப வந்த? அஜ்வத் டியூசன் உட்டு வந்திட்டானா?"

முனவ்வறா அவசரமாக ஓர் அடி முன்னால் வந்தாள்.

ஹயாத்தும்மாவின் விரல்கள் வெள்ளைச் சாரியின் மடிப்பை நீவின, கலைத்தன, மறுபடி நீவின.

"வந்திட்டான் மச்சி."

"சோறு திண்டானா?"

"ஓம். திண்டுபோட்டுப் படுத்துக் கிடக்கான்."

"வெயில்ல அலையுறான். ஒரு முட்டை பொரிச்சுக் குடுத்திரிக்கலாமே."

"குடுத்தன் மச்சி. ரெண்டு குடுத்தன்."

அஸீஸா நிம்மதியாகச் சிரித்தாள். ஹயாத்தும்மா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்து, வெள்ளைச் சாரியை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, முனவ்வறாவின் முகத்தைப் பாராமலே வெளியே நடந்தார்.

கடப்படியில் நின்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சொல்லிவிட்டீர்களா, இத்தாவுக்கு எப்போது உட்காருகிறாள் என்று ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டார்கள்.

"என்னத்துக்கு இத்தா?" என்றார் ஹயாத்தும்மா. "என்ட காக்கா ஒலுவிலுக்குப் போயிருக்காரு. வழிய உடுங்க, நான் போகணும். வீட்ட புள்ள தனியப் படுத்திருக்கான்."