காதுகுத்து கேசட்

வீடியோ டெக் மூன்றாவது முறையும் கேசட்டைத் துப்பியது.

அவர் மூடியைக் கழற்றி, டேப்பைப் படிக்கும் ஹெட்டைப் பஞ்சால் இன்னொரு தடவை துடைத்தார். பழைய சாமான் கடையில் எடுத்த டெக். கம்ப்யூட்டரில் செருகும் ஒயரும் மலிவுச் சரக்கு. ஸ்டுடியோவில் கேட்ட கூலி கோமதிக்குக் கட்டுப்படியாகாது. "நானே கம்ப்யூட்டருக்கு மாத்தித் தாரேன் தாயி" என்று சொல்லியிருந்தார்.

கோமதி, மச்சினன் சுடலைமுத்துவின் மகள். சுடலைமுத்து இறந்து நாற்பது நாள். அவன் குரல் யார் போனிலும் இல்லை. திக்குவாய். போன் அடித்தால் எடுக்கவே மாட்டான்.

இருந்தால், இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய இந்தக் காதுகுத்து கேசட்டில்தான் இருக்கும்.

ஓடியது.

கோடுகளுக்கு நடுவே பந்தல். அவருடைய மகனைத் தாய்மாமன் சுடலைமுத்து மடியில் வைத்திருக்கிறான். வாய் திறக்காமல் சிரிக்கிறான்.

அப்புறம் வீடியோக்காரர் காமிராவை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அணைக்கவில்லை. திரையில் பந்தி பெஞ்சின் கால்கள் மட்டும். வீட்டில் எப்போதும் இந்த இடத்தைப் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிடுவார்கள்.

"வா... வா... வாங்கத்தான். சா... சாம்பார் ஊ... ஊத்தட்டா?"

பெருஞ்சிரிப்பு.

"அப்பா!"

கோமதி ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டாள். "எல்லாரும் எப்படிச் சிரிக்காவ பாருங்க மாமா. அப்பா தமாஷால்லாம் பேசுவாவளா?"



திரையின் ஓரத்தில் ஒரு சாம்பார் வாளி வந்தது. கூடவே இரண்டு வெறுங்கால்கள்.

நின்றன.

சிரிப்பு ஓயும்வரை நின்றன. திரும்பிப் போயின.

இதை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

இருபத்தெட்டு வருஷம். வீட்டுக்கு வந்தால் மச்சினன் தலையாட்டுவான், அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவான். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. செருக்குப் பிடித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார்.

"இந்தத் துண்டை மட்டும் என் போன்ல ஏத்தித் தாங்க மாமா."

ஏற்றிக் கொடுத்துவிடலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

காது மடலெல்லாம் கொதித்தது.

"தாயி... அது உங்கப்பா இல்ல. நான்தான் அவன மாதிரி பேசிக் காட்டினேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கையை நீட்டி டெக்கைப் பின்னால் ஓட்டினாள். வாளி வந்தது. கால்கள் வந்தன. நிறுத்தினாள். படம் நடுங்கியபடி நின்றது.

இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் முழுக்க அவள் கழுவித் துடைத்த கால்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்தை எடுத்துட்டு, இதை மட்டும் ஏத்தித் தாங்க."