யாருக்குச் சொல்ல வேண்டும்

குடிநீர் கேட்டுச் சாலையை மறித்த வழக்கில் இரண்டு வாய்தாவுக்குப் போகாததால், உப்பளத் தொழிலாளி பேச்சிக்கனியின் பெயரில் பிடிவாரண்ட் வந்திருந்தது. காலையில் வீட்டுக்கு வந்த பெண் உதவி ஆய்வாளர் ஜெபராணி, தாளை அவள் கையிலேயே கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவள் திணறியதும் தானே வாசித்துக் காட்டினார். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதியில்லை என்றால் நீதிமன்றமே அமர்த்தித் தரும் என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“உங்களக் கூட்டிட்டுப் போறத யாருக்கும்மா சொல்லணும்? அது உங்க உரிமை.”

புருஷன் செத்து இந்தப் பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. “எனக்கு யாரும் இல்லம்மா” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லுங்க. நிக்கேன்.”

அவர் நிஜமாகவே நின்றார். பேச்சிக்கனிக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. குழாயடிச் சண்டையில் பேச்சு நின்று ஆறு வருடமாகிவிட்ட பக்கத்து வீட்டு சண்முகவடிவு. தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

மத்தியானம் நீதிபதி வாரண்டை ரத்து செய்து, அடுத்த வாய்தாவுக்குத் தவறாமல் வரச் சொல்லி அனுப்பினார். வெளியே வேப்பமரத்தடியில், முழங்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்த கால்களோடு சண்முகவடிவு நின்றிருந்தாள்.

“ஏட்டி, ஊர்ல இத்தன பேரு இருக்கையில எம்பேரயா சொன்ன?”

“வேற யாரட்டி சொல்ல?”

சண்முகவடிவு தூக்குச்சட்டியைத் திறந்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்ட பேச்சிக்கனி, படியிறங்கி வந்த ஜெபராணியைப் பார்த்துச் சொன்னாள்: “வந்துட்டாம்மா.”